ஒரு பெட்டி வருகிறது, அண்ணா

ஜாசின்,
மலாக்கா மாநிலம், மலேசியா.

அண்ணா அவர்களுக்கு,

அவ்விடம் தாங்களும் அண்ணியும் குழந்தைகளும் க்ஷேமம் என்பதைத் தங்கள் கடிதத்தால் அறிந்து ஆனந்தமடைந்தேன். ஆயினும் அக்கடிதத்தின் கடைசி வரிகளில், வெளிநாட்டில் சம்பாதிக்கும் சிற்றப்பா ஒருவன் இருக்கையில், தங்கள் இளைய குமாரன் கம்ப்யூட்டர் இல்லாமல் கல்லூரிக்குப் போவது குடும்ப கௌரவத்துக்கு ஏற்றதுதானா என்று தாங்கள் வினவியிருந்தது, மளிகைக் கடையில் கணக்கெழுதிப் பிழைக்கும் என்னைச் சில இரவுகள் தூங்கவொட்டாமல் செய்தது. மலேசியாவில் பணம் மரத்தில் காய்க்கிறதென்று தாங்கள் எண்ணுவதில் புதுமையில்லை. நம் பாட்டனார் தலைமுறையைக் கப்பலேற்றிய கங்காணிமாரும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்லி அழைத்து வந்தார்கள். மரத்திலிருந்து வடிந்ததோ ரப்பர் பால் மட்டுமே. பணம் வேறெங்கோ வடிந்தது.

எனினும் தங்கள் ஆக்ஞையை மீறத் துணியாமல், அடுத்த மாதம் திருச்சிக்கு விமானத்தில் வரும் இவ்வூர் அன்பர் ஒருவர் வசம் ஒரு பெட்டி அனுப்புகிறேன். அதைப் பிரித்துப் பார்த்த மாத்திரத்தில் அண்ணி என்னைப் பற்றி ஏதேனும் அபிப்பிராயம் வெளியிடுவதற்கு முன்பாக, இக்கடிதத்தை அவர்கள் காதில் விழும்படி உரக்க வாசிக்கப் பிரார்த்திக்கிறேன். ஏனெனில் உள்ளே இருப்பது கம்ப்யூட்டர்தான். ஆனால் அதன் திருமேனி, பிள்ளைகள் ஒரு காலத்தில் டி.வி.யில் மாட்டி விளையாடிய பழைய வீடியோ கேம் பெட்டி. மேலே கேசட் செருகும் வாயும், இருபுறமும் வாலில் தொங்கும் இரண்டு கைப்பிடிகளும் அப்படியே இருக்கும்.

இந்நாட்டில் அந்தப் பெட்டிக்கு மைக்ரோ ஜீனியஸ் என்று பெயர். ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனியார் 1983 ஜூலை 15 அன்று பேமிலி கம்ப்யூட்டர் என்றொரு விளையாட்டு யந்திரத்தை வெளியிட, அதைப் பார்த்துத் தைவானில் செய்து தென்கிழக்காசியா முழுவதும் பரப்பிய நகல்களில் இது ஒன்று. தோட்டத்து லயங்களில் ஒரு வீட்டில் இது வந்திறங்கினால், மாலை வேளையில் அவ்வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளைக் கொண்டே செய்தி ஊருக்குத் தெரிந்துவிடுமாம். கேசட்டின் மேல் 9,999 விளையாட்டுகள் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். உள்ளே நுழைந்தால் பத்துப் பதினைந்தே, பெயரையும் நிறத்தையும் மாற்றிக்கொண்டு மறுபடி மறுபடி அவதாரமெடுக்கும். மூலயந்திரத்தின் வேலை நினைவகம் 2 கிலோபைட். யூனிகோடு முறையில் சேமிக்கும்போது ஒரு தமிழ்க் குறியீட்டுக்குப் பெரும்பாலும் மூன்று பைட் வேண்டியிருப்பதால், இக்கடிதத்தின் முதலிரண்டு பத்திகள்கூட அதற்குள் அடங்கா. இப்போது அதே கூட்டுக்குள் இருக்கும் நினைவகம் 4 ஜிகாபைட். அதாவது சுமார் 21 லட்சம் மடங்கு. அண்ணியிடம் முதலில் இந்தக் கணக்கைச் சொல்லவும்.

பெட்டி கிடைத்த விதமும் சொல்லத்தக்கது. ஒலிபெருக்கியில் 'சூராட் கபார் லாமா' என்று ஓலமிட்டுக்கொண்டு, பழைய பத்திரிகை, பாட்டரி, இரும்பு ஆகியவற்றை எடைக்கு வாங்கும் லாரி ஒன்று எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், வலம் வருவதுண்டு. நான் குடியிருக்கும் வீட்டம்மாள், அலமாரியின் மேல் வெகுகாலம் தூசி படிந்து கிடந்த மைக்ரோ ஜீனியஸை, தமிழ் நேசன் பழைய கட்டுகளோடு சேர்த்து அந்த லாரியில் போட்டு 2 வெள்ளி (ரிங்கிட்) பெற்றுக்கொண்டார். வேலை முடிந்து வந்த அவர் மகன், விஷயமறிந்து மோட்டார் சைக்கிளில் லாரியைத் துரத்திப் பிடித்து, 10 வெள்ளி கொடுத்து மீட்டு வந்தான். "பாருங்க அண்ணே, தோட்டத்துல பொறந்த புள்ளைக்குத் தவுக்கே மாதிரி வியாபாரம் தெரியுமா?" என்று அந்த அம்மாள் என்னிடம் முறையிட்டார். தவுக்கே என்றால் இங்கே முதலாளி. கணக்குப்பிள்ளை என்ற முறையில் 8 வெள்ளி நஷ்டத்தை நான் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

அந்தப் பிள்ளையாண்டான் மெர்லிமாவ் பாலிடெக்னிக்கில் படித்தவன். இப்போது பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையில் சிப்புகளைப் பரிசோதிக்கும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவன் தகப்பனாரோ புக்கிட் அசகான் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அந்தத் தோட்டம் சாமானியமானதன்று. மலாக்காச் சீனரான டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வியாபாரப் பயிராக முதன்முதல் நட்டு, பிறகு அசகானில் பெருந்தோட்டம் கண்டதிலிருந்துதான் மலாயாவின் ரப்பர்த் தோட்டச் சரித்திரமே தொடங்குகிறது. ஜெர்மானிய சீமென்ஸ் கம்பெனியார் 1973-இல் பத்து பெரெண்டாமில் சிப்புத் தொழிற்சாலை திறந்ததும் இந்த மாநிலத்தில்தான். ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை ஏற, செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டியிராததால், விடியுமுன் பால் வாளியோடு புறப்பட்ட குடும்பங்களின் அடுத்த தலைமுறை, அதே இருட்டில் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கலாயிற்று. தந்தை மரத்தின் பட்டையை அரைத் தீக்குச்சிக் கனம்கூட மீறாமல் சீவியவர். மகன் அதே கையோடு சால்டரிங் கம்பியைப் பிடிக்கிறான். சால்டரிங் செய்யும்போது அந்தக் கையில் நடுக்கம் என்பதையே நான் கண்டதில்லை.

பழைய கூட்டுக்குள் புதிய சரக்கை வைப்பதென்பது இந்த ஊருக்குப் பரம்பரை வித்தை என்பதையும் தாங்கள் கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் கோப்பிக் கடையில் பார்சல் கேட்டால் காலியான பால் டின்னில் ஊற்றிக் கயிறு கட்டிக் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அரசாங்கங்களும் அந்த வழியே போயின. மலாக்கா நகரில் குன்றின் மேல் 1521-இல் போர்த்துக்கீசியர் கட்டிய தேவாலயத்தை, 1641-இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர் தம் மதப்பிரிவுக்கு மாற்றிக்கொண்டார்கள். 1753-இல் கீழே தமக்கென்று கிறிஸ்து ஆலயம் கட்டி முடித்ததும் மேலுள்ளதை மயானமாக்கினார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர் அதில் வெடிமருந்து அடுக்கினார்கள். டச்சுக் கவர்னரின் ஸ்டாட்ஹவுஸ் மாளிகை இன்று காட்சிசாலை. 1511-இல் சுமத்திரா அருகே மூழ்கிய போர்த்துக்கீசியக் கப்பலின் மாதிரியை ஆற்றோரத்தில் கரையேற்றி, அதன் வயிற்றுக்குள் கடல் மியூசியம் நடத்துகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் விளையாட்டுப் பெட்டிக்குள் கம்ப்யூட்டர் வைப்பதை யாரும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லத் துணியமாட்டார்கள். நம் ஊரில் சொல்வார்கள் என்பதால்தான் இத்தனை விளக்கம்.

இனி, அந்தப் பிள்ளையாண்டானும் நானும் சேர்ந்து பெட்டிக்குள் கம்ப்யூட்டரை அமைத்த உள்விஷயம். பெட்டியின் அகலம் 15 செண்டிமீட்டர். சிறு கம்ப்யூட்டர்ப் பலகைகளில் பிரசித்தமானது, வியா என்ற தைவான் கம்பெனியார் 2001-இல் வகுத்த மினி ஐ.டி.எக்ஸ், அது 17 செண்டிமீட்டர்ச் சதுரம். அமெரிக்காவில் விற்ற நிண்டெண்டோ பெட்டி அகலத்தில் 25, ஆழத்தில் 20 செண்டிமீட்டர் ஆதலால் அங்குள்ள ஆர்வலர்களுக்கு அந்தப் பலகை செல்லுபடியாகும். 15-க்குள் 17 போகாது என்பது கணக்கெழுதுகிறவனுக்குத் தெரியும். ஆகையால் ராஸ்பெர்ரி பை என்ற பலகையைத் தேர்ந்தெடுத்தோம். இங்கிலாந்தில், பிள்ளைகள் மலிவாக வாங்கிப் புரோகிராம் எழுதிப் பழக வேண்டும் என்ற சங்கற்பத்தோடு செய்யப்பட்டு, 2012 பிப்ரவரி 29 அன்று முதன்முதல் விற்பனைக்கு வந்தது அது. நீளம் 85 மில்லிமீட்டர், அகலம் 56. பெட்டிக்குள் வைத்தால் மீதி இடத்தில் அண்ணியின் தாலிச்செயினைக்கூட ஒளித்து வைக்கலாம். ஆனால் வைக்க வேண்டாம், உலோகம் பட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

பழைய பலகையைக் கழற்றி, குறுக்கே நின்ற பிளாஸ்டிக் முளைகளை வெட்டி அரத்தால் தேய்த்துச் சமன் செய்வது முதல் வேலை. பிறகு கைப்பிடிகள். ஒவ்வொன்றிலும் எட்டுப் பொத்தான். எட்டுக்கும் எட்டுக் கம்பி ஓட்டாமல், 4021 என்ற சின்னஞ்சிறு சிப்பு அந்த எட்டுச் செய்திகளையும் வரிசையில் நிறுத்தி ஒரே கம்பி வழியாக ஒவ்வொன்றாக அனுப்புகிறது. ரேஷன் கடையில் இந்த ஒழுங்கைக் காண முடியாது. பழைய யந்திரம் 5 வோல்ட்டில் ஓடியது. ராஸ்பெர்ரி பையின் முனைகளோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காமல் உயிரை விட்டுவிடும். நல்லவேளையாக 4021 குறைந்த வோல்ட்டிலும் பணி செய்யும் சாது. சுவிட்ச் விஷயத்தில் இன்னும் ஒரு நுட்பம்: அந்தக் காலப் பெட்டியில் தட்டியவுடன் மின்சாரம் அறுந்துவிடும், லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் யந்திரத்தில் அப்படி அறுத்தால் மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருப்பது பாழாகலாம். ஆதலால் அதே சுவிட்ச் இப்போது மின்சாரத்தை வெட்டுவதில்லை. அணையும்படி விண்ணப்பம் செய்துகொள்கிறது, யந்திரம் கைவேலையை முடித்துவிட்டு அணைகிறது. உஷ்ணம் 80 டிகிரியைத் தொட்டால் பலகை தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாதலால் சிறு விசிறி ஒன்றும் வைத்து, கேசட் வாய் வழியே வெப்பம் போக வழி செய்திருக்கிறது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெண்மையாகப் பிறந்த பெட்டி, எலுமிச்சை ஊறுகாயின் நிறமடைந்திருந்தது. அந்தப் பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமலிருக்கக் கலக்கும் புரோமின் சேர்மங்கள் வெயிலும் காற்றும் பட்டு இந்தக் கோலம் செய்யும் என்கிறார்கள். ஹைட்ரஜன் பெராக்ஸைடைப் பூசி வெயிலில் வைத்தால் மஞ்சள் போகும் என்று பழைய கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் 2008 வாக்கில் கண்டுபிடித்தார்கள். கேசத்தின் நிறம் போக்க சலூன்களில் பூசும் அதே திரவியந்தான். சலூன்காரர் யாருடைய தலைக்கு என்று கேட்டார். மைக்ரோ ஜீனியஸுக்கு என்றதும் விலையில் 1 வெள்ளி தள்ளிக் கொடுத்தார்; அவருக்கும் பால்ய ஞாபகம் வந்திருக்க வேண்டும். வெயிலோ இங்கு இனாம்.

விளையாட்டுச் சாமானில் படிப்பு வருமா என்று தாங்கள் நிச்சயம் ஆட்சேபிப்பீர்கள். சீனாவில் தொண்ணூறுகளில் இதே விளையாட்டு யந்திரத்துக்கு விசைப்பலகை பூட்டி, கற்கும் யந்திரம் என்று பட்டம் சூட்டி, ஜாக்கி சானைக் கொண்டு விளம்பரம் செய்து விற்றார்கள். பெற்றோர் படிப்புக்கு வாங்கினார்கள், பிள்ளைகள் விளையாடினார்கள். அது படிப்பு வேஷம் போட்ட விளையாட்டு. இது விளையாட்டு வேஷம் போட்ட படிப்பு. எது ஆபத்தில்லாதது என்று தாங்களே தீர்மானிக்கலாம். அமெரிக்க ஆகாயப்படையார் 2010-இல் 1,760 பிளேஸ்டேஷன் 3 பெட்டிகளை ஒன்றாகப் பிணைத்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் அமைத்தார்கள். அவர்களை யாரும் விளையாட்டுப் பிள்ளைகள் என்று சொன்னதாகக் கேள்வியில்லை. நிண்டெண்டோ கம்பெனியாரே 2016 நவம்பரில், தம் பழைய பெட்டியின் சிறு உருவத்துக்குள் லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டரை வைத்து, 30 விளையாட்டுகளோடு விற்றார்கள். நாங்கள் செய்ததை அவர்களும் செய்தார்கள் என்பது மட்டுமன்று, அவர்கள் காசும் வாங்கினார்கள்.

கடையில் ஒரு லேப்டாப் வாங்கி அனுப்பியிருந்தால் என் மானம் சுலபமாகக் காப்பாற்றப்பட்டிருக்கும். வேகத்திலும் அது இதைத் தோற்கடிக்கும் என்பதை மறைக்கவில்லை. ஆனால் இந்தக் காலத்து மெல்லிய லேப்டாப் பலவற்றில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்து, பாட்டரியைப் பசை போட்டு ஒட்டி, திறந்தால் வாரண்ட்டி போயிற்று என்று பயமுறுத்துகிறார்கள். தங்கள் குமாரன் கற்கப்போவது எலெக்ட்ரானிக்ஸ். திறக்கக் கூடாத யந்திரத்தை வைத்துக்கொண்டு அவன் எதைக் கற்பான்? இந்தப் பெட்டியை ஆறு திருகாணியில் திறந்துவிடலாம். எந்தக் கம்பி எதற்கு என்று அந்தப் பிள்ளையாண்டான் கைப்பட எழுதிய தாள் மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. தமிழில் எழுத முடியுமா என்ற சந்தேகமும் வேண்டாம். கம்ப்யூட்டரில் தமிழை ஏற்றிய முன்னோடிகளில் ஒருவரும், 1985-லேயே முரசு மென்பொருளைத் தந்தவருமான முத்து நெடுமாறன் மலேசியாக்காரர். அப்படிப்பட்ட நாட்டிலிருந்து தமிழ் தெரியாத யந்திரம் வருமா? இக்கடிதமே அந்தப் பெட்டியில் தட்டெழுதி அச்செடுத்ததுதான்.

யந்திரம் முதன்முதல் ஓடிய வாரத்தில், வீட்டம்மாளின் பிடிவாதத்தின் பேரில், மலாக்கா நகரின் துக்காங் எமாஸ் தெருவில் 1781 முதல் நிற்கும் பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயத்துக்கு எடுத்துச் சென்று அர்ச்சனை செய்தோம். குருக்கள் புது மோட்டார் வண்டிகளுக்குப் பழக்கப்பட்டவராதலால் எலுமிச்சம்பழத்தை எந்தச் சக்கரத்தடியில் வைப்பது என்று கேட்டார். சக்கரமில்லை என்று கண்டு பொட்டோடு விட்டார். குங்குமம் மூடியில் இருக்கும், துடைக்க வேண்டாம்.

பெட்டி வந்ததும் செய்ய வேண்டியவை: அதனோடு வரும் 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரையே மாட்டவும், வீட்டிலிருக்கும் வேறெதையும் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். கேசட் வாயைத் தூசிக்குப் பயந்து அண்ணி துணியால் அடைக்காமல் பார்த்துக்கொள்ளவும். சின்னவன் திறக்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள்; ஸ்க்ரூ டிரைவரும் பெட்டியோடு வருகிறது. திரைக்கு வீட்டு டி.வி. போதும். கீபோர்டும் மௌஸும் மட்டும் அனுப்பவில்லை. எடை அதிகமாகும் என்று அன்பர் சொல்லிவிட்டார். அவற்றை அங்கேயே வாங்கிக்கொள்ளவும். அந்தச் செலவு தங்களைச் சேர்ந்தது.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிந்த தம்பி