செகண்ட் ஷிப்ட் வண்டி போன பிறகு

எங்கள் வீட்டில் மைக்கைத் திறக்க ஒரு நேரம் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் செகண்ட் ஷிப்ட் விடும். கம்பெனி வண்டிகள் வழியெல்லாம் ஆட்களை இறக்கிவிட்டு, பத்தே முக்கால் வாக்கில் எங்கள் தெரு முனைக்கு வரும். ஏர் பிரேக் ஒருமுறை பெருமூச்சு விடும். அது திரும்பிப் போன பிறகு எதிர்ச்சாரி லேத் பட்டறையின் கம்ப்ரசர் ஓய வேண்டும். பதினொன்றரைக்கு அக்கா மகன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு விரலை உயர்த்துவான். அம்மா தொண்டையைச் செருமிக்கொள்வாள்.

1999-ல் இப்படிக் காத்திருந்ததில்லை. அப்போது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். ராமநாயக்கன் ஏரிக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு. இரவு எட்டு மணிக்கே தெரு அடங்கிவிடும். நிசப்தம் வேண்டிய அளவு இருந்தது. அதைப் பதிந்து வைக்க நல்ல கருவிதான் இல்லை.

கம்ப்யூட்டர் வாங்க பெங்களூர் போனோம். நாற்பது கிலோமீட்டர். மார்க்கெட்டில் இறங்கி எஸ்.பி. ரோடு வரை நடந்து, கடை கடையாக ஏறி, பாகம் பாகமாகச் சேர்த்தோம். திரும்பும்போது மானிட்டர் அப்பா மடியில், கேபினெட் என் மடியில். அத்திப்பள்ளி தாண்டினால் ஜூஜூவாடியில் சோதனைச்சாவடி. ஜிஎஸ்டி வந்து 2017-ல் அந்த வணிகவரிச் சாவடிகள் மூடப்படும்வரை, மாநில எல்லையைப் பொருளோடு கடப்பவர்களுக்கு ரசீதுதான் துணை. அப்பா அதைச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தான் போட்டிருந்தார்.

அந்தப் பெட்டியில் ஒரு சவுண்ட் கார்டு இருந்தது. சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்த பிறகுதான் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டர் பீப் ஒலியைத் தாண்டிப் பேசவும் பாடவும் பரவலாகத் தொடங்கியது. 2023 ஜனவரியில் அவர் இறந்த செய்தியைப் படித்த அன்று, அந்தக் கார்டின் பின்பக்கத்து நிறங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன: ரோஸ் நிறத் துளை மைக்குக்கு, பச்சை ஸ்பீக்கருக்கு, நீலம் வெளியிலிருந்து வரும் ஒலிக்கு. இன்றும் மதர்போர்டில் அதே நிறங்கள்தான்.

ஸ்பீக்கர் பெட்டியில் ‘500 வாட்ஸ் பிஎம்பிஓ’ என்று ஒட்டியிருந்தது. அந்தக் கணக்குக்கு எந்தத் தரநிர்ணயமும் கிடையாது என்பதும், தொடர்ந்து எத்தனை வாட் தாங்கும் என்ற ஆர்எம்எஸ் எண்ணைத்தான் பார்க்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரிய வெகுநாளானது. இன்று அக்கம்பக்கத்துப் பையன்கள் கேமிங் ஹெட்செட் வாங்கப் போகும்போது முதலில் இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன். பெட்டியில் ‘7.1’ என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் மயங்காதே, உனக்கு இருப்பது இரண்டு காது. அந்த இரண்டுக்கும் நேர்மையாக ஒலியைக் கொடுக்கும் ஸ்டீரியோ ஹெட்போன் போதும், திசையைக் கணக்கிட்டுத் தரும் வேலையை விளையாட்டே பார்த்துக்கொள்ளும் என்று.

அம்மாவைப் பெற்ற அவ்வா தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஊர். ராகி அரைக்கும்போது பாடுவாள். தமிழில் தொடங்கி, நடுவில் தெலுங்குக்குப் போய், ஒரு கன்னடச் சொல்லில் இளைப்பாறித் திரும்பி வரும் பாட்டு. அதைப் பிடித்து வைக்க ஆசைப்பட்டேன். குச்சி மாதிரி ஒரு மைக்கைத் திருகைக்குப் பக்கத்தில் வைத்தேன். விண்டோஸில் இருந்த சவுண்ட் ரெக்கார்டர் அறுபது வினாடிக்கு மேல் பதியாது. அதற்கொரு குறுக்குவழி இருந்தது. பாடாமல் கொள்ளாமல் வெறும் நிசப்தத்தை ஒரு நிமிடம் பதிந்து, அதன் வேகத்தைப் பாதியாக்கினால் இரண்டு நிமிடம் ஆகும். மறுபடி பாதியாக்கினால் நான்கு. நிசப்தத்தை இழுத்து இழுத்து இடம் பண்ணி, அதன்மேல் பாட்டைப் பதியலாம். எனக்கு அது தெரிவதற்குள் அவ்வா ஊருக்குப் போய்விட்டாள். மிஞ்சியது அறுபது வினாடி. வினாடிக்கு 22,050 மாதிரிகள், 8 பிட், ஒற்றைத் தடம், ஒன்றேகால் எம்.பி.க்குச் சற்று மேல்.

அதில் இரைச்சல் மழை மாதிரி சீராகப் பெய்கிறது. 50 ஹெர்ட்ஸ் கரண்டின் ‘ம்ம்’ அடியில் ஓடுகிறது. நான் மவுஸை நகர்த்திய இடத்தில் ஒரு கீச்சு. அத்தனையும் கருவியிலும் கரண்டிலும் இருந்த குறைகள். அவற்றைத் தாண்டிக் கேட்டால் திருகையின் அரைப்பு, அவ்வாவின் குரல், ஏரித் தவளை ஒன்று. அறுபது வினாடியில் ஒரே ஒரு ஹாரன் கூட இல்லை.

இருபது வருடம் கழித்து, அதே பாட்டை அம்மா பாட, நல்லபடியாகப் பதியவேண்டும் என்று உட்கார்ந்தேன். யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கியாயிற்று: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். 8 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே சுமார் 48 டெசிபல் இடைவெளிதான் கிடைக்கும். 24 பிட்டில் கணக்குப்படி 144. கூடவே ஒரு கண்டென்சர் மைக், 48 வோல்ட் கொடுத்தால் உயிர்பெறுவது. ஹெட்போனில் காது வைத்தேன். அம்மா வாயைத் திறக்கவே இல்லை, அதற்குள் ஓசூர் முழுவதும் கேட்டது. கம்ப்ரசர், பக்கத்து வீட்டு மிக்சி, எங்கோ கிரானைட் அறுக்கும் ரம்பம், அப்போது என்.ஹெச். 7 என்றிருந்து இப்போது 44 ஆகிவிட்ட சாலையின் லாரிகள். யாரும் பேசாதபோதே மீட்டர் மைனஸ் 47 டெசிபலில் நின்றது.

ஊர் வளர்ந்ததைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. அந்த ஆலைகளின் சம்பளத்தில்தான் நாங்கள் படித்தோம். ஆனால் முன்பு அறை அமைதியாகவும் இயந்திரம் இரைச்சலாகவும் இருந்தது. இப்போது இயந்திரம் அமைதி, அறை இரைச்சல். இதற்குக் கடையில் விற்கும் பதில் எதுவும் இல்லை என்று புரிந்த நாளில்தான் எனக்கு வேலையே தொடங்கியது.

முதலில் முட்டை அட்டைகளை ஒட்டினேன். எல்லாரும் செய்வதுதான், பயனில்லை. மேல் சுருதி எதிரொலியைச் சற்று மழுக்கும், லாரியின் அடிக்குரலை ஒன்றும் செய்யாது. கழற்றிவிட்டு ராக்வூலுக்குப் போனேன். பாய்லருக்கும் அடுப்புக்கும் வெப்பம் போகாமல் கட்டுவார்களே, அதுதான். இன்சுலேஷன் காண்ட்ராக்ட் எடுப்பவர்களிடம் 100 மில்லிமீட்டர் பலகை கிடைத்தது. கையுறையும் முகமூடியும் போட்டு வெட்டி, மரச்சட்டத்தில் அடைத்து, நார் பறக்காமல் காடாத் துணியில் தைத்தோம். மைக்குக்குப் பின்னால் இரண்டு, பாடுபவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு. ஜன்னல் பக்கம் பீரோ, அதன்மேல் அவ்வாவின் இலவம்பஞ்சு மெத்தை. இவை அறைக்குள் எழும் எதிரொலியைக் குடித்துவிடும். வெளியிலிருந்து வரும் ஒலியை நிறுத்த ஜன்னல் இடுக்குகளை ரப்பர் பட்டை கொண்டு அடைத்தோம்; காற்று போகும் வழியெல்லாம் ஒலி போகும் வழி.

கண்டென்சரை எடுத்து வைத்துவிட்டு டைனமிக் மைக்குக்கு மாறினேன். அது தூரத்து ஒலியைப் பொருட்படுத்தாது என்பார்கள். உண்மையில் அதன் உணர்திறன் குறைவு என்பதால் வாய்க்கு அருகில் வைத்தாக வேண்டும், நன்மை அந்த அருகாமையில்தான் இருக்கிறது. தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும்; லாரி இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு சாணில் இருந்த மைக்கை நாலு விரல் தூரத்துக்குக் கொண்டுவந்தேன். ‘ப’வும் ‘ஃப’வும் ஊதாமலிருக்க வாய்க்கு நேராக வைக்காமல் சற்று ஓரமாகத் திருப்பினேன்.

அதைப் பிடித்து நிறுத்த ஸ்டாண்டு வேண்டும். மேசைக்கு ஏற்றபடி கடையில் கிடைக்கவில்லை. மைக் ஸ்டாண்டின் மரை ஐந்தெட்டு இஞ்ச், இஞ்சுக்கு 27 சுற்று. பட்டறைகளில் அன்றாடம் புழங்காத மரை. எதிர்ச்சாரி லேத்காரரிடம் போனேன். எந்தக் கம்ப்ரசருக்காக ராத்திரி பதினொன்றரை வரை காத்திருக்கிறோமோ அதே பட்டறை. மைக்கின் கிளிப்பை வாங்கிப் பார்த்தார், மரை அளவுத் தகட்டை வைத்தார், “இருபத்தேழா? கியர் மாத்தணுமே” என்றார். ஞாயிற்றுக்கிழமை கியரை மாற்றி, எம்.எஸ். ராடில் வெட்டிக் கொடுத்தார். மூன்று கிலோ அடிப்பாகம். மேசையைத் தட்டினாலும் அசையாது. காசு வாங்க மறுத்துவிட்டு, “அம்மா பாட்டு வந்தா எனக்கும் அனுப்புங்க” என்றார். அன்றிலிருந்து அந்தக் கம்ப்ரசர் ஓடும்போது எனக்குக் கோபம் வருவதில்லை.

ஸ்பீக்கர்களுக்கு அடியில் கிரானைட். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அதற்கா பஞ்சம். பாலிஷ் போடும் இடத்தில் ஒதுக்கிய இரண்டு துண்டுகள், கீழே ரப்பர் பாதம். கனமான கல்லும் மெத்தென்ற ரப்பரும் சேர்ந்தால் ஸ்பீக்கரின் அதிர்வு மேசைக்கு இறங்குவது வெகுவாகக் குறைந்துவிடும்.

ஆனாலும் ‘ம்ம்’ போகவில்லை. 1999-ல் இருந்த அதே ‘ம்ம்’. வீட்டின் எர்த் சரியில்லை. எங்கள் பக்கம் மண்ணுக்கடியில் பாறை, கோடையில் ஈரமே நிற்காது. மூன்றாவது பின்னை வெட்டிவிட்டால் சத்தம் போய்விடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அது உயிரைக் காக்கும் கம்பி. எலெக்ட்ரீஷியனை அழைத்து ஆழமாகக் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டுப் புது எர்த் இறக்கினோம். கோடையில் அப்பா தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறார். கம்ப்யூட்டர், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றும் ஒரே பலகையில் கரண்ட் எடுக்கும்படி மாற்றினோம். ‘ம்ம்’ நின்றது. மீட்டர் மைனஸ் 61.

அதோடு இந்த ஊர் தானாகக் கொடுத்த உதவி ஒன்று உண்டு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவை முழுக்கச் சாத்திப் பதியலாம், பாடுபவருக்கு வேர்க்காது. சென்னையில் வீட்டிலிருந்து பதிகிறவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட கொடை என்று தெரியும்.

அக்கா மகன் பகலில் இதே மேசையில் விளையாடுவான், விளையாடியபடியே ஓசூர்த் தமிழில் வர்ணனையும் பதிவான். அவன் கேட்பது காலடி ஓசையை. எதிரி இடப்புறம் இருந்தால் ஒலி இடது காதுக்கு முந்தி வந்து வலது காதுக்குப் பிந்தி வரும். அதிகம் போனால் ஆயிரத்தில் ஒரு வினாடிக்கும் குறைவான வித்தியாசம். அதை வைத்தே மூளை திசையைச் சொல்லிவிடும். நான் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் கவுன்டர்-ஸ்டிரைக் ஆடிய காலத்தில் ஹெட்போனில் ஒரு காது எப்போதும் செத்திருக்கும். வலப்பக்கத்திலிருந்து வருகிறவன் எனக்கு இல்லவே இல்லை.

அவன் ஒலியை மிகவும் கூட்டி வைத்திருந்தான். அதைப் பார்த்துத்தான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அப்பா ஃபிட்டர். முப்பது வருடம் பிரஸ் ஷாப்புக்குப் பக்கத்தில். தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபலைத்தான் எல்லையாக வைத்திருந்தன. காதில் பஞ்சு வைப்பதே கூச்சமாக இருந்த காலம் அது. இன்று அவருக்கு ‘ச’வும் ‘ஸ’வும் கேட்பதில்லை. குயில் கேட்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் கருவிகளில் கேட்பதற்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்று அளவு வைத்திருக்கிறது. அறையின் இரைச்சல் குறைந்தால் ஒலியைக் கூட்டவே தேவையில்லை, மெல்லிய காலடியும் தானாக மேலே வரும். ராக்வூல் வைத்த பிறகு அவன் தன் கையால் பாதிக்கும் கீழே குறைத்தான். விளையாட்டு இன்னும் தெளிவாகக் கேட்பதாகச் சொன்னான்.

அம்மாவுக்கு ஹெட்போனில் வேறு சிக்கல். மைக்கிலிருந்து கம்ப்யூட்டருக்குள் போய்க் காதுக்குத் திரும்பும் தாமதத்தை ‘லேட்டன்சி’ என்பார்கள். கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்து எடுக்கும் பஃபரை 128 மாதிரிகளுக்குக் குறைத்தால் 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு பஃபருக்கு 2.7 மில்லிவினாடி, காற்றில் ஒலி ஒரு மீட்டர் கூடப் போகாத நேரம். போக்குவரத்து சேர்ந்து இன்னும் சில மில்லிவினாடி ஆகும். அம்மாவுக்கு அதுவும் ஆகவில்லை. “என் குரல் எனக்குப் பின்னாடி வருது” என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். இப்போது வெறும் காதோடு பாடுகிறாள்.

போன வாரம் பதிந்தோம். எப்போதும் முதல் பத்து வினாடி யாரும் அசையக் கூடாது. அந்த வெறும் அறையின் ஒலியை மாதிரியாக வைத்துத்தான் பின்னால் இரைச்சலைக் கழிக்க முடியும். அவ்வாவின் பதிவில் அப்படி ஒரு வெற்றிடம் இல்லை. பாட்டில் அவள் மூச்சு வாங்கும் அரை வினாடியைத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஏழாவது வினாடியில் அக்கா மகன் விரலை மடக்கினான். “மாமா, ஏதோ கரகரங்குது.” எனக்கும் கேட்டது. மணல் அரைப்பது போல, மிக மெல்லியதாக, வீட்டுக்குள்ளிருந்து. ஃபிரிட்ஜை ஏற்கெனவே நிறுத்தியிருந்தோம். கூடத்திலிருந்து அப்பா எழுந்து வந்தார். நாங்கள் சைகை காட்டியதைப் புரிந்துகொண்டு, கருவிப் பெட்டியிலிருந்து நீள ஸ்குரூ டிரைவரை எடுத்தார். முனையைக் கம்ப்யூட்டர் கேபினெட்டின் பின்பக்கத்தில், ஃபேன் இருக்கும் இடத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடினார். முப்பது வருடம் இயந்திரங்களைக் கேட்ட விதம் அது. மேல் சுருதி போன பிறகும், நேரே ஊன்றினால் அந்த அதிர்வு அவருக்கு வந்துசேரும்.

“பின் ஃபேன். பேரிங் காய்ஞ்சிருக்கு” என்றார்.

மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். மீண்டும் ஊன்றிக் கேட்டார், தலையை அசைத்தார். ஹெட்போனில் அந்தக் கரகரப்பு இல்லை. நேரம் பன்னிரண்டு ஆகியிருந்தது. அக்கா மகன் முதலிலிருந்து பத்து வினாடியை எண்ணத் தொடங்கினான். அப்பா கதவருகே ஸ்குரூ டிரைவரோடு அப்படியே நின்றுகொண்டார், அம்மாவின் வாயசைவு தெரியும் இடத்தில்.