பழஞ்சாளரத்து அண்ணாச்சி

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் கண்ணீர் அஞ்சலி நோட்டீசும் வடிவமைத்துக் கொடுக்கும் டி.டி.பி. கடையை வெகுகாலமாக நடத்திவருகிற எங்கள் அண்ணாச்சி, காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கி, பிள்ளையார் படத்துக்கு ஊதுபத்தி காட்டி, கல்லாவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்துவார். கறுப்புத் திரையில் வெள்ளெழுத்தாக ஒரு முறையீடு தோன்றும். மதர்போர்டில் உள்ள வட்டக்காசு பேட்டரி உயிரை விட்டுப் பல வருஷங்கள் ஆகிவிட்டபடியால், இன்று என்ன தேதி என்றே தனக்குத் தெரியவில்லை என்று அந்த யந்திரம் அன்றாடம் சமர்ப்பிக்கும் விண்ணப்பம் அது. அண்ணாச்சி அதை வாசிப்பதில்லை. எஃப்1 விசையை ஒரு தட்டுத் தட்டுவார். உடனே விண்டோஸ் எக்ஸ்பியின் பசும்புல் மேடும் நீலவானமும் விரியும். கலிபோர்னியாவில் சார்லஸ் ஓ'ரியர் என்பவர் 1996-இல் பிடித்த புகைப்படம் அது. அந்த மேட்டில் பிற்பாடு திராட்சை போட்டுவிட்டார்கள். அண்ணாச்சியின் திரையில் மட்டும் புல் இன்னும் வாடவில்லை.

வலது மூலையில் 2002 ஜனவரி 1 என்று நிற்கும். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, இன்றைய தேதியைப் பார்த்து, கடிகாரத்தை இருமுறை கிளிக் செய்து, இருபது வருஷத்துக்கு மேற்பட்ட தூரத்தை இரண்டு நிமிஷத்தில் கடந்து நிகழ்காலத்துக்கு வந்துசேர்வார். இந்தப் பிரயாணத்தை மறந்தால் இணையம் அவரை வாசற்படியிலேயே நிறுத்திவிடும். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று எழுதிய சான்றிதழை நீட்டுகிறது. 2002-இல் நிற்பவருக்கு அதெல்லாம் இன்னும் பிறக்காத பிள்ளையின் பள்ளிக்கூட டி.சி. போலத்தானே! உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று அறிவித்துவிட்டு உலாவி கதவைச் சாத்தும். அண்ணாச்சியை விட்டுவிட்டுக் கடிகாரத்தை மட்டும் குறை சொன்ன அதன் நாகரிகத்தை நான் மெச்சாமல் இருக்க முடியவில்லை.

அண்ணாச்சி கஞ்சரும் அல்லர், விஷயம் தெரியாதவரும் அல்லர். அவருடைய ஜீவாதாரமான பேஜ்மேக்கர் 7 என்னும் மென்பொருள் 2001-இல் வந்தது. அதற்குப் பின் அந்த வம்சத்தில் வாரிசு இல்லை. அவருடைய தமிழ் எழுத்துருக்களோ, கம்ப்யூட்டரின் முதுகில், இன்றைய யந்திரங்களில் காணக் கிடைக்காத பழைய பிரிண்டர் துவாரத்தில் சொருகிய ஒரு டாங்கிள் இருந்தால்தான் வாய் திறக்கும். இவற்றையும் மிஞ்சியது, உள்ளே இருக்கும் பத்திரிகைகளின் பொக்கிஷம். 2004-இல் கல்யாணப் பத்திரிகை அடித்த குடும்பத்துக்கே, மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் பின்னர் அவள் கல்யாணத்துக்கும் பழைய கோப்பைத் திறந்து, தாய்மாமன் பெயரை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தினால் வேலை தீர்ந்தது.

சங்கடம் வெளியிலிருந்துதான் வருகிறது. இப்போது எந்த வாடிக்கையாளரும் தாளில் எழுதிக்கொண்டு வருவதில்லை. "மேட்டர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படி வருவது யூனிகோடு. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு என்றால் கிரந்தக் கல்வெட்டு. அதை வாங்கிக் கணினியில் இறக்கவும், பழைய எழுத்துருவுக்கு மாற்றவும் இணையம் வேண்டும். இணையத்துக்கு நவீன உலாவி வேண்டும். ஆனால் குரோம் 2016-லேயே எக்ஸ்பியைத் தலைமுழுகிவிட்டது. பயர்பாக்ஸ் 2018 வரை தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு அதுவும் விலகிக்கொண்டது.

அடமாக ஒருநாள் புதிய குரோமையே நிறுவிப் பார்த்தார். உலாவி என்பது எல்லாக் காரியத்தையும் தானே செய்துகொள்வதில்லை. கோப்பைத் திறக்கவும் நினைவகத்தைப் பங்கிடவும் இயங்குதளத்தில் இன்னாரைக் கூப்பிடு என்று பெயர் சொல்லி அழைக்கும். புதிய உலாவி அழைக்கிற பெயர்களில் பல, எக்ஸ்பிக்குப் பின்னால் வந்த விண்டோஸ்களில் சேர்ந்த பணியாட்களுடையவை. ஆகவே, அந்தப் பெயரில் இத்தெருவில் எவரும் இல்லை என்று தபால்காரர் கடிதத்தைத் திருப்புவதுபோல எக்ஸ்பி கையை விரித்துவிட்டது. மெட்ராஸில் வேலை பார்க்கும் மருமகன்தான் கடைசியில் ஒரு பென்டிரைவில் சூப்பர்மியம் கொண்டுவந்தான். குரோமுக்கு மூலமான குரோமியத்தையே எடுத்து, இல்லாத பணியாட்களுக்குப் பதிலாட்களையும் உடன் வைத்துப் பழைய விண்டோஸில் ஓடும்படி செய்த உலாவி அது.

அன்று முதல் அண்ணாச்சியின் கடையில், இடிந்த மண்டபத்தின்மேல் புதுக்கலசம் வைத்துக் கும்பாபிஷேகம் செய்ததுபோன்ற ஒரு காட்சி. ஒரு ஜி.பி. நினைவகத்தின்மேல் உலாவி ஏறி உட்காரும்போது ஹார்டு டிஸ்க் கம்பு இடிப்பதுபோலச் சத்தமிடும். அந்நேரத்தில் அண்ணாச்சி எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வருவார். மேட்டரில் வாடிக்கையாளர் வைத்திருக்கும் பூச்செண்டும் கைகூப்பும் வெறும் சதுரக் கட்டங்களாகத் தெரியும். "கட்டம் கட்டமா வருது, ஜாதகத்தையும் சேர்த்து அனுப்பிட்டாவளோ?" என்று ஒரு தடவை என்னைக் கேட்டார்.

எக்ஸ்பிக்குத் தன் வீட்டில் வைத்த பெயர் விண்டோஸ் என்.டி. 5.1, பார்க்கப் போகிற தளத்திடம் உலாவி இதை ஒளிக்காமல் சொன்னால் வம்பு. சில தளங்கள் முகத்தைச் சுளிக்கக்கூடும் என்று மருமகன் ஓரிடத்தில் 10.0 என்று மாற்றி எழுதிவைத்தான். பெண் பார்க்கப் போகிற இடத்தில் மாப்பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்வதற்கும் இதற்கும் தர்மசாஸ்திரத்தில் என்ன பேதமோ!

கதவுக்குப் புதுப்பூட்டுப் போட்டால் சுவரில் உள்ள பொத்தல் அடைபடாது என்று நானும் எடுத்துச் சொன்னேன். அண்ணாச்சி அசையவில்லை. 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் எக்ஸ்பிக்குக் கருமாதி செய்து முடித்த பிறகும், 2017 மே மாதம் வான்னகிரை என்னும் புழு உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறித்தபோது, அதே நிறுவனம் எக்ஸ்பிக்கும் ஒரு மருந்து அனுப்பியது. "பாத்தியா தம்பி, விட்டுட்டுப் போனவன் மனசு கேக்காம திரும்பி வந்தான்லா!" என்பது அவர் வாதம். ஆனால் பண விஷயத்தில் மாத்திரம் அவருக்கு மாயை கிடையாது. வங்கிக் கணக்கை அந்த யந்திரத்தில் ஒருநாளும் திறந்ததில்லை. அதற்குக் கல்லாவின்மேல் ஒட்டிய க்யூஆர் அட்டை இருக்கிறது.

பழைய விண்டோஸை விடாத இந்த ஜாதிக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. பக்கத்து மாடியில் விண்டோஸ் 7 வைத்திருக்கும் வக்கீல் குமாஸ்தா, தம்முடைய இயங்குதளத்தின் ஆதரவும் 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டதை மறந்து, "இன்னுமா எக்ஸ்பி?" என்று அண்ணாச்சியை அனுதாபத்தோடு பார்ப்பார். அண்ணாச்சியோ, மாறாமல் இருப்பதற்காகத் தாம் படுகிற பிரயத்தனத்தில் கால்வாசிகூட மாறுகிறவர்கள் படுவதில்லை என்று அறிந்தவர்போல் மௌனமாகச் சிரிப்பார்.

சென்ற பொங்கலுக்கு வந்த மருமகன், மாமா சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கேபினட்டைத் திறந்து, தூசியை ஊதி, புது பேட்டரி ஒன்றைச் செருகிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஊருக்கு ரயிலேறிவிட்டான். மறுநாள் காலை எனக்கு அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது, குரலில் பதற்றம். "தம்பி, கொஞ்சம் கடைக்கு வந்துட்டுப் போயேன். சிஸ்டத்தைப் போட்டா, நான் கையே வைக்கல, தேதி சரியா இருக்கு. வைரஸ் எதுவும் புகுந்துட்டோன்னு பயமா இருக்கு."