போர்டுல வெச்சுடலாம், சார்

பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தின் செயலாளர் இதுவரை யாரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை. எதைக் கேட்டாலும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், தலையை ஒரு பக்கம் சாய்ப்பார், "போர்டுல வெச்சுடலாம், சார்" என்பார். உங்கள் காகிதம் குண்டூசி குத்தப்பட்டு ஃபைலுக்குள் போகும், ஃபைல் பீரோவுக்குள் போகும். நன்றி வேறு சொல்லிவிட்டு வெளியே வந்து, படி இறங்கும்போதுதான் ஒன்றுமே நடக்கவில்லை என்பது உறைக்கும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் உறுப்பினராக மனு கொடுத்தால் போர்டு. நுழைவுக் கட்டணமும் பங்குத் தொகையும் கட்டியாயிற்று, ரசீதும் கிழித்துக் கொடுத்தாயிற்று. ஆனாலும் அவள் இன்னும் உறுப்பினர் இல்லை. சரி, துணைவிதி அப்படி. சேர்க்கைக்கு நிர்வாகக் குழு ஒப்புதல் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். கடன் மனுவும் அங்கே போகட்டும். இனிஷியலில் 'எஸ்' என்றிருப்பதை 'சு' என்று திருத்தவுமா போர்டு? சங்க அறையில் மின்விசிறியின் ரெகுலேட்டர் பழுதாகி, அது ஒரே வேகத்தில் சுழன்று மேஜைமேல் இருப்பதையெல்லாம் பறக்கடிக்கிறது. ரெகுலேட்டரும் போர்டில் இருக்கிறது.

அம்மா காலமானபின், வாரிசு நியமனத்தில் அவர் பெயரை எடுத்துவிட்டு மனைவி பெயரைப் போடச் சொல்லி, இறப்புச் சான்றிதழோடு போய் நின்றேன். சான்றிதழை முழுக்கப் படித்தார். உச்சுக்கொட்டினார். "நல்ல மனுஷி சார், ஒருதரம் உங்க வீட்டுல காப்பி குடுத்தாங்க" என்றார். பிறகு, "போர்டுல வெச்சுடலாம்." எதை, அம்மா இறந்ததையா என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன், பண்டிகைக் கடன் வாங்க வேண்டிய மாதம் அது.

போர்டு என்றால் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். எல்லாம் நம் பக்கத்து செக்‌ஷன்காரர்கள்தாம். மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் கூடுவார்கள், மெதுவடையும் டீயும் வரும். தீர்மான நோட்டை முந்தின நாளே செயலாளர் எழுதி முடித்திருப்பார். பொருள் எண் ஒன்று, சென்ற கூட்ட நடவடிக்கைகளைப் படித்துப் பதிவு செய்தல். அங்கே தொடங்கி, 'தலைவர் அனுமதியுடன் வரும் இதர பொருட்கள்' வரைக்கும் எல்லாமே ஏகமனதாக நிறைவேறியிருக்கும். வடை எண்ணெயைக் காகிதத்தில் துடைத்துவிட்டு இயக்குநர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போடுவார்கள். ஆக, 'போர்டுல வெக்கணும்' என்றால், அதை அவர் நோட்டில் எழுத வேண்டும், இப்போதைக்கு எழுதுவதாக இல்லை என்று பொருள்.

இதற்கும் ஒரு முடிவு வந்தது என்றுதான் நினைத்தேன். தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்களுக்கு 2018-இல் தேர்தல் நடந்தது. ஐந்து வருஷப் பதவிக்காலம் 2023-இல் முடிந்தது. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். எங்கள் சங்கத்துக்கும் ஒருவர் வந்தார். பாவம், அவர் தலையில் இன்னும் சில சங்கங்கள். நிர்வாகக் குழுவின் அதிகாரம் முழுவதும் இப்போது அந்த ஒருவர் கையில். முன்மொழிய, வழிமொழிய ஆள் தேட வேண்டியதில்லை, வடைச் செலவும் மிச்சம். இனி செயலாளர் என்ன சொல்லித் தப்பிக்கிறார், பார்த்துவிடலாம் என்று போனேன்.

"போர்டுல வெச்சுடலாம், சார்."

"இப்போ போர்டே இல்லையே?"

"அதனாலதான் சார் லேட்டாகுது."

மற்றபடி மனிதர் தங்கம். காலணாக் கணக்குத் தப்பாது. ஆட்களைப் பெயரால் அறியாமல் உறுப்பினர் எண்ணால் அறிவார். "412 பொண்ணுக்குக் கல்யாணமாமே" என்பார். நவம்பர் 14-ஆம் தேதி கூட்டுறவு வார விழா தொடங்கினால், ஏழு வண்ணக் கொடியை இஸ்திரி போட்டுக் கொண்டுவருபவர் அவர் ஒருவர்தான்; கொடி ஏறும்போது கண் கலங்குபவரும் அவர் ஒருவர்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் டிரைவர் ஒருவர் பணியிலேயே இறந்துபோனார். அன்று பொழுது சாய்வதற்குள் செயலாளர் தன் டிவிஎஸ் 50-இல் அந்த வீட்டு வாசலில் நின்றார். ஈமச் செலவுக்கான பணம் கவரில், ரசீது சட்டைப்பையில், ஒட்ட வேண்டிய ரெவின்யூ ஸ்டாம்ப் பர்ஸில். "போர்டு?" என்று யாரோ மெல்லக் கேட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் கேட்டவர் பந்தலுக்கு வெளியே போய்விட்டார். பிறகு நோட்டில் முன்தேதி போட்டு எழுதினாரோ, பின்தேதி போட்டு எழுதினாரோ, தணிக்கைக்காரர் பாடு.

அதற்காக மற்றதையெல்லாம் மறந்துவிட முடியாது. சம்பளத்தில் சிக்கன சேமிப்புக்கும் கடன் தவணைக்கும் வட்டிக்கும் மாதாமாதம் பிடித்தம் செய்கிறார்களே, அது மட்டும் எந்த போர்டுக்கும் காத்திருப்பதில்லை. ஒரு மாதம்கூட 'அடுத்த கூட்டத்தில் வைத்துப் பிடிக்கலாம்' என்று தள்ளிப் போனதில்லை. நான் ஜாமீன் போட்ட ஆள் சம்பளமில்லா விடுப்பில் போனபோது, அவருடைய தவணை என் சம்பளத்துக்கு வந்து சேர ஒரு கூட்டமும் கூடவில்லை. நம் பணம் உள்ளே போவதற்குக் கதவு இல்லை. வெளியே வருவதற்கு மட்டும் பூட்டு, சாவி, தீர்மானம். ஓய்வு பெற்றவர்கள் தங்கள் சேமிப்பையே வாங்க, வெயிலில் குடை பிடித்துக்கொண்டு மாடியேறி வருகிறார்கள். அவர்களிடமும் அதே தலைச்சாய்ப்பு, அதே வாக்கியம். அந்த நேரத்தில் அது சிரிப்பை வரவழைப்பதில்லை.

என் நண்பர் ஒருவருக்கு வேறு துறையில் வேலை கிடைத்துவிட்டது. துணைவிதிப்படி எங்கள் அலுவலகத்தில் இல்லாதவர் எங்கள் சங்கத்தில் இருக்க முடியாது. ராஜினாமா கொடுத்தார், கடன் பாக்கியையும் கட்டி முடித்தார், பங்குத் தொகையைத் திருப்பிக் கேட்டார். போர்டு. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் வருவதையே நிறுத்திவிட்டார். ஆனால் மகாசபை அழைப்பிதழ் மட்டும் வீடு தேடிப் போயிருக்கிறது. ஒரு நியாயம் கேட்டுவிடுவது என்று அதைக் கையில் பிடித்துக்கொண்டு கோபமாக வந்து சேர்ந்தார். கூட்டம் முடியட்டும் என்று அவரை உட்கார வைத்தார் செயலாளர். முடிந்ததும் வருகைப் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்து, ஓர் எவர்சில்வர் தூக்கை அட்டைப் பெட்டியோடு கையில் திணித்தார்.

"நான்தான் ராஜினாமா பண்ணிட்டேனே!"

"அது போர்டுல இன்னும் பாஸ் ஆகலை சார். அதுவரைக்கும் நீங்க மெம்பர்தான். கையெழுத்தைப் போட்டுட்டு மூடி சரியா இருக்கான்னு இங்கேயே பாத்துக்கங்க. அப்புறம் மாத்தணும்னா..."

நண்பர் அவசர அவசரமாக மூடியைத் திறந்து பார்த்தார்.