லைஃபர்காரர்

அவரைப் பறவை ஆர்வலர் என்று சொன்னால் பறவைகளே ஒப்புக்கொள்ளமாட்டா. லைஃபர்காரர் என்றால் சரி. வாழ்நாளில் முதன்முதலாகப் பார்க்கிற பறவைக்கு அந்த வட்டாரத்தில் 'லைஃபர்' என்று பெயர். அதையே மறுநாள் பார்த்தால் வெறும் பறவை.

ராத்திரியெல்லாம் பஸ்ஸில் தூங்கி வழிந்து தட்டேக்காட்டில் வந்து இறங்குகிறார். பெரியாற்றங்கரையில் சலீம் அலியின் பெயர் தாங்கிய சரணாலயம். சட்டை, கால்சட்டை, தொப்பி எல்லாம் காட்டுப்பச்சை. பறவையின் கண்ணில் படாமல் இவ்வளவு மறைந்துகொண்டு, கழுத்தில் வெள்ளை வெளேரென்று முழ நீள லென்ஸ்! வழியில் மைனா, சின்னான், மரங்கொத்தி எதையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. "அதெல்லாம் ஆயிடுச்சு."

புதருக்குள் ஒரு புதுக் குரல். முள்ளென்றும் பாராமல் பாய்கிறார். கூவியது துடுப்புவால் கரிச்சான். ஊர்ப் பறவைகளின் குரலையெல்லாம் மிமிக்ரி செய்கிற ஆசாமி. அதுவும் எப்போதோ ஆயிடுச்சு.

கடைசியில் வழிகாட்டி ஒரு புதரைக் காட்டினார். "சாரே, அங்கே."

"எங்கே?"

"அந்த ரெண்டு சருகு."

சருகில்லை, இலங்கைத் தவளைவாயன் ஜோடி. இலங்கையையும் மேற்குத் தொடர்ச்சி மலையையும் விட்டால் வேறெங்கும் கிடையாது. இரவில் பூச்சி பிடித்துவிட்டு, பகலெல்லாம் ஒட்டி உட்கார்ந்து காய்ந்த இலையாக நடிக்கும். ஆண் சாம்பல் நிறம், பெண் செம்பழுப்பு. அகன்ற வாயும் மீசையுமாக அந்த மூஞ்சியை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம் (நான் பார்ப்பேன்). இவர் படம் எடுத்தார், செல்பேசியில் பதிந்தார், திரும்பினார்: "அடுத்தது என்ன?"

நகராமலும் லைஃபர் எண்ணிக்கை ஏறும். செங்கோட்டைக் கணவாய்க்கு வடக்கே உள்ள சிரிப்பான் பறவை வேறு இனம், தெற்கே உள்ளது வேறு என்று ஆய்வாளர்கள் பிரித்தார்களே, அன்று வீட்டில் பாயசம். கொடைக்கானலிலும் அகத்தியமலையிலும் முன்பே பார்த்திருந்தது ஈஸிசேரிலேயே இரண்டாகிவிட்டது.

பிரித்தவர்கள் சேர்க்கவும் செய்வார்கள். ஒருநாள் காலையில் மனிதர் காபியைத் தொடவில்லை.

"என்னங்க, ஏதாவது பறவை அழிஞ்சுபோச்சா?"

"அழியலை. ரெண்டா இருந்ததை ஒண்ணுதான்னு சொல்லிட்டாங்க."

"ரெண்டும் பறந்துக்கிட்டுதானே இருக்கு?"

"அது பறந்தா என்ன, பறக்காட்டி என்ன? எனக்கு ஒண்ணு போச்சே!"