இடுப்பில் ஒரு பெரட்டு மணி

பெக்கோக் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் தாத்தாக்களுக்கு விடியுமுன்னே பெரட்டு. மணி அடிக்கும், வரிசையில் நிற்கணும், கிராணி பேர் கூப்பிடுவார். திட்டிக்கொண்டேதான் போனார்கள். இதே பெரட்டைக் காசு கொடுத்து வாங்க ஒரு கூட்டம் வரும் என்று அப்போது சொல்லியிருந்தால், கள்ளுக்கடையில்கூட ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்.

வந்ததே! கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு வந்தது.

1994-இல் ஐபிஎம் சைமன் என்று ஒரு போன். ஃபேக்ஸ், இமெயில் எல்லாம் உண்டு. எடை அரைக் கிலோ. பேசினால் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கும். ஆக, எவ்வளவு பெரிய பிசினஸ்மேனாக இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிசியாக இருக்க முடியாது.

1996-இல் நோக்கியா கம்யூனிகேட்டர். மூடினால் ஹேண்ட்போன், திறந்தால் கீபோர்டு, நிறுத்தால் 397 கிராம். மீட்டிங் மேசையில் ‘டப்’ என்று வைக்கலாம். மெயில் படித்தவர்களைவிட ‘டப்’ வைத்தவர்களே அதிகம் என்பது என் சந்தேகம்.

1999-இல் கனடாவின் வாட்டர்லூவிலிருந்து பிளாக்பெர்ரி புறப்பட்டது. அதுவரை போன்தான் தபாலாபீசுக்குப் போய் “எனக்கு ஏதும் கடுதாசி வந்திருக்கா?” என்று கேட்டு வரணும். பிளாக்பெர்ரியில் தபால்காரரே வீடு தேடி வந்தார். அருமை! நடுராத்திரியிலும் வந்தார்.

பெல்ட்டில் ஓர் உறை, அதற்குள் போன், மூலையில் மினுக்கும் சிவப்பு விளக்கு. அது மினுக்கினால் சாமி ரூமில் நிற்கிறவருக்கும் கை இடுப்புக்குப் போகும். 2006-இல் ஓர் அமெரிக்க அகராதி ‘கிராக்பெர்ரி’யை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. கிராக் என்பது அங்கே ஒரு போதைப்பொருள். வாங்கியவர்களோ அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

2007-இல் ஐபோன் வந்தபோது மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர் கேமரா முன்னாலேயே சிரித்தார். 500 டாலர், கீபோர்டு இல்லை, இமெயிலுக்கு ஆகாது என்றார். பாவம், மனுஷன் பொய் சொல்லவில்லை. கம்பெனி எக்ஸ்சேஞ்ச் மெயில் ஐபோனில் தானாக வந்து விழ 2008 ஆனது. கணக்கெல்லாம் சரி, விடைதான் தப்பு.

ஐடி டிபார்ட்மெண்ட் பிளாக்பெர்ரியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தது. செக்யூரிட்டி, சர்வர் என்று பக்கம் பக்கமாகக் காரணம் வைத்திருந்தது. ஒருநாள் பெரிய முதலாளி பளபளவென்று ஒரு ஐபோனோடு வந்து, “இதிலே என் மெயில் வரணும்” என்றார். காரணங்கள் அத்தனையும் அன்றே ரிட்டயர்மெண்ட் வாங்கின.

பிளாக்பெர்ரியும் பதறிப்போய் 2008-இல் ‘ஸ்டோர்ம்’ என்ற டச் போனை இறக்கியது. ஸ்கிரீன் முழுவதும் ஒரே பட்டனாக அமுங்கும். வைஃபை மட்டும் இல்லை. கல்யாண மண்டபம் பிடித்து, பந்தலும் போட்டு, மாப்பிள்ளைக்குச் சொல்ல மறந்த கதை.

2011 அக்டோபரில் பிளாக்பெர்ரியின் நெட்வொர்க்கில் ஒரு ஸ்விட்ச் பழுதானது. கண்டம் கண்டமாக மெயில் நின்றது. சில நாள் பெரட்டு கிடையாது! தோட்டத்து ஜனமாக இருந்தால் கோழி அடித்துக் கொண்டாடியிருக்கும். இவர்களோ கம்ப்ளெயின்ட் கொடுத்தார்கள்.

2022 ஜனவரி 4-ஆம் தேதி பழைய பிளாக்பெர்ரிகளுக்கான சேவை நின்றது. மணி நின்றதா? அது வாட்ஸ்அப் குரூப்புக்குக் குடி மாறியது. பெக்கோக் ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆற்றும் தம்பிக்கும் இன்று பெரட்டு உண்டு.

தாத்தாவுக்குத் துரை ஒரு நாளைக்கு ஒரு பெரட்டுதான் வைத்தார். மணிக்கான காசையும் துரையே கொடுத்தார். நாம் மாதத் தவணையில் வாங்கி, ஸ்கிரீன் கீறாமல் இருக்க உறையும் போட்டு வைத்திருக்கிறோம்.