மண்டலித்த சீட்டுக்கட்டு: அந்தாதி இலக்கண நோக்கில் ஓர் ஆய்வு

அந்தாதியைப் பாட்டுக்கு மட்டுமே உரியதாக வைத்துக்கொண்டது நம் யாப்பிலக்கணத்தின் நீண்டநாள் குறை. ஒன்றன் முடிவு அடுத்ததன் தொடக்கமாகி, கடைசிப் பாட்டின் முடிவு முதல் பாட்டையே போய்த் தொட்டால் அது மண்டலித்தல். இதை 52 சீட்டுகளை வைத்துச் செய்துகாட்டியவர் புலவர் அல்லர். சை ஸ்டெபின்ஸ் என்ற மேடைப்பெயர் கொண்ட அமெரிக்க வித்தைக்காரர். (1593-லேயே வெனிசில் ஹொராட்டியோ கலாசோ என்பவர் இதே வகை அடுக்கை நூலில் எழுதிவிட்டார். முதல்நூல், வழிநூல் தகராறு நமக்கென்ன புதிதா?)

இலக்கணம் வருமாறு: ஏஸ் 1, ஜாக்கி 11, ராணி 12, ராஜா 13 எனக் கொள்க. ஒவ்வொரு சீட்டும் முந்தியதைவிட 3 கூடி வரும். 13-ஐத் தாண்டினால் 13-ஐக் கழித்துக்கொள்க. இனமோ கிளாவர், ஆட்டின், இஸ்பேட், டைமண்ட் என்று சுழலும். மனத்தில் நிறுத்த முதலெழுத்துகளைச் சேர்த்துக் ‘கி.ஆ.இடை’ என்று சொல்லிப் பார்க்கலாம். பழைய தமிழறிஞர் ஒருவரின் பெயர்போலவே ஒலிக்கும். கிளாவர் ஏஸுக்குப் பின் ஆட்டின் 4, இஸ்பேட் 7, டைமண்ட் 10, கிளாவர் ராஜா, ஆட்டின் 3... 52-ஆவதாக டைமண்ட் ஜாக்கி. பதினொன்றும் மூன்றும் பதினான்கு; பதின்மூன்று போக ஒன்று. டைமண்டுக்கு அடுத்தது கிளாவர். ஆக, மறுபடியும் கிளாவர் ஏஸ். மண்டலித்தாயிற்று.

பயன் யாது? பார்ப்பவர் நடுவிலிருந்து ஒன்றை உருவுகிறார். உருவிய இடத்துக்கு மேலிருந்த சீட்டுகளை நாம் எடுத்து அடியில் வைக்கிறோம். கட்டின் அடிச்சீட்டை ஓரக்கண்ணால் பார்த்தால் போதும்: அது இஸ்பேட் 9 என்றால் அவர் கையிலிருப்பது டைமண்ட் ராணி. பிறகு நெற்றியைச் சுருக்கிக் கண்ணை மூடுவதெல்லாம் அணியிலக்கணத்தின்பாற்படும்.

இவ்வாய்வின் கருதுகோள் ஒன்றே: வெட்டுவதும் கலைப்பதும் ஒன்று என்று மனிதகுலம் நம்புகிறது. எத்தனை முறை வெட்டினாலும் வட்டத்தின் தொடக்கம்தான் நகரும், வரிசை குலையாது. சக்கரத்தை எங்கே தொட்டுச் சுற்றினால் என்ன? கலைப்பது வேறு. 52 சீட்டுகள் அமையக்கூடிய வரிசைகளின் எண்ணிக்கை 68 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். அதற்குள் நம் அந்தாதி காணாமற்போகும். அதிலும் விலக்கு உண்டு. கட்டைச் சரிபாதியாகப் பிரித்து, மேல்சீட்டும் அடிச்சீட்டும் இடம் மாறாதபடி ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிசகின்றிக் கோத்தால், எட்டாவது முறையில் பழைய வரிசையே திரும்பிவிடும். நான் முயன்றதில் இரண்டாவது முறையிலேயே சீட்டுகள் கட்டிலுக்கடியில் கிடந்தன.

களப்பணி ஒரு கல்யாண வீட்டில், தாலி கட்டிய பிறகு, பந்திக்கு முன்பு நடந்தது. வித்தை பலித்தது. பெரியப்பா மட்டும், “கட்டுல ஏதோ திருகல் இருக்கு, கொண்டா” என்று வாங்கி மூன்று முறை ஓங்கி வெட்டினார். திருப்தியடைந்தவராய், அந்தக் கட்டையே வைத்து நாலு பேருக்குக் கழுதை ஆட்டம் போட்டார், ஆளுக்கு 13.

நான்கு நான்காகச் சுழலும் இனங்களை நான்கு பேருக்கு வரிசையாகப் போட்டால் என்ன ஆகும் என்பதை ஆய்வாளன் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். சித்தப்பா கையில் பதின்மூன்றும் இஸ்பேட். அத்தான் கையில் பதின்மூன்றும் டைமண்ட். பெரியப்பா தம் கையிலிருந்த கிளாவர்களை விரித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

“எவன்டா இந்தக் கட்டை அடுக்கினது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“நீங்கதானே பெரியப்பா கடைசியா வெட்டுனீங்க!”

“ஆமா,” என்றார் அவர், குரல் இறங்கி. “மூணு தடவை வெட்டுனேனே.”