சாமிக்கு வார்னிஷ் அடித்த கதை

மதுரை மீனாட்சியம்மன் கோயில் முட்டையின் உபயத்தில் படமான வருஷம் 1858. கைங்கரியம் செய்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப், மதராஸ் மாகாண அரசின் போட்டோகிராபர். கோபுரம், தெப்பக்குளம், திருமலை நாயக்கர் மகால் எல்லாம் வெள்ளைக்கரு தடவிய காகிதத்தில்தான் எழுந்தருளின. காகித நாருக்குள் படம் அமுங்கிப்போகாமல் மேலாகத் துலங்க அந்தப் பூச்சு. விஷயம் பட்டர்கள் காதுக்குப் போயிருக்க வாய்ப்பில்லை. போயிருந்தால் டிரைப் மதுரை எல்லையைத் தாண்டியிருக்க மாட்டார். பிறகு வந்த கவர்னர் டிரெவெல்யன், 'சர்க்காருக்கு இதெல்லாம் ஆடம்பரம்' என்று கடையைச் சாத்தினார். முட்டை மிச்சம்.

அடுத்த பூச்சு ரவி வர்மாவுடையது. 1894-ல் மும்பையில் அச்சகம் போட்டு, ஜெர்மன்காரர்களை வைத்து, நிறத்துக்கு ஒரு கல்லாக லட்சுமியையும் சரஸ்வதியையும் அச்சடித்தார். அதன்மேல் ஒரு கை வார்னிஷ். அதற்கு இரண்டு வேலை: காகிதத்தைக் காப்பது ஒன்று, அது காகிதமே இல்லை, அரண்மனை எண்ணெய் ஓவியம் என்று பொய் சொல்வது மற்றொன்று. இரண்டாவதை அமோகமாகச் செய்தது. முதலாவதில்தான் சறுக்கல். பழைய வார்னிஷ் காற்றைக் குடித்துக் கெட்டியாகும்; கெட்டியான பிறகும் குடியை நிறுத்தாது. ஐம்பது வருஷத்தில் லட்சுமி, காமாலை கண்டவள் போலச் சுவரில் உட்கார்ந்திருப்பாள். அச்சகம் கைமாறி, ஊர் மாறி, 1972-ல் தீயில் போனது. நெருப்புக்கு வார்னிஷ் என்றால் கொள்ளைப் பிரியம்.

நெருப்பைப் பற்றிச் சிவகாசிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறியது தீப்பெட்டித் தொழில் கற்கத்தான். திரும்பி வந்து பெட்டி செய்தால் பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்தபின் மிஷின் சும்மா நிற்கலாமா? பட்டாசுக்கு உறை, ஜவுளிக்கடைக்கு காலண்டர். மழை பெய்யாத கந்தக பூமி. விவசாயிக்கு அது சாபம், மருந்துக்கும் காகிதத்துக்கும் வரம்.

காலண்டருக்குச் சாமி கொடுத்தவர் பக்கத்துக் கோவில்பட்டியிலிருந்த கொண்டைய ராஜு. நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதியவர் அல்லவா, அவர் தெய்வங்கள் மேடையேறப்போகும் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் மாதிரி சர்வாபரணத்தோடு நிற்கும். ஒப்பனைக்குக் குறைவில்லை. காப்பு மட்டும்தான் பாக்கி.

அதற்கும் ஆடி பதினெட்டு வந்தது. சிவகாசியில் புது வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகும் நாள். ஆல்பத்தைப் புரட்டினால் சாமிகளுக்குள்ளும் வர்க்க பேதம் விளங்கும். மளிகைக்கடை முருகனுக்கு மேலே ஒன்றுமில்லை, வெறும் உடம்பு. பாத்திரக்கடை முருகனுக்கு வார்னிஷ். நகைக்கடை முருகனுக்கு லேமினேஷன், யூ.வி. கோட்டிங், வேலுக்குத் தங்க ஃபாயில். யூ.வி. என்றால் வெயிலைத் தடுக்கும் என்று நம்பிக் காசு கொடுப்பவர்கள் உண்டு. புற ஊதா விளக்குக்கடியில் நொடியில் காயும் பூச்சு அது, அவ்வளவுதான். டீக்கடைச் சுவரில் தினமும் மத்தியான வெயில் பட்டால் முதலில் சிவப்பும் மஞ்சளும் கழன்றுகொள்ளும். மிஞ்சுவது நீலம். பங்குனிக்குள் முருகன், பிள்ளையார், அம்மன் எல்லோரும் நீலமேக சியாமளர்களாகி, சைவம் சத்தமில்லாமல் வைணவத்தில் சேர்ந்துவிடும்.

வெயிலைவிடப் பெரிய எதிரி பக்தர். படத்தை ஆணியில் மாட்டிய நிமிஷத்திலிருந்து சந்தனம், குங்குமம், ஈரப்பூ, கற்பூரக் கரி, சாம்பிராணிப் புகை, விளக்கெண்ணெய். லேமினேஷன் இதையெல்லாம் தாங்கும். துணியால் துடைத்தால் போய்விடும். ஆனால் ஓரம் லேசாகப் பிரிந்து தண்ணீர் உள்ளே போனால் வெளியேற வழி கிடையாது. பூஞ்சை குடும்பத்தோடு குடியேறிவிடும்.

வீட்டு போட்டோக்களின் கதை இன்னும் மோசம். தாத்தா படத்துக்கு இடைவெளி விடாமல் கண்ணாடியை அப்பி ஃப்ரேம் போடுவார்கள். ஐப்பசி ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டும். திவசத்துக்குத் துடைக்கலாம் என்று பிரித்தால் தாத்தா ஒரு பக்கம், மீசை ஒரு பக்கம். ஓரத்தில் ஒரு அட்டைப்பட்டை வைத்திருந்தால் மீசை தப்பியிருக்கும். இப்போது டப்பாவில் அடைத்த அக்ரிலிக் ஸ்ப்ரே கிடைக்கிறது. மெல்லிசாக இரண்டு மூன்று தரம், காயவிட்டுக் காயவிட்டு அடிக்க வேண்டும். நம்மாட்கள் கொசு மருந்து அடிக்கிற வேகத்தில் ஒரே தரம் அடிப்பார்கள். தாத்தாவுக்கு வியர்க்கும்.

இத்தனை பூச்சுக்கும் நடுவில், ஒரு சொட்டு வார்னிஷைக்கூடக் காணாத ஜாதி ஒன்று உண்டு: தீப்பெட்டி லேபிள். குச்சி தீர்ந்ததும் தெருவுக்குப் போவதற்காகவே அச்சானது. அதைத்தான் உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் ஆல்பத்தில் பத்திரப்படுத்தி, அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். வெயில் கிடையாது, புகை கிடையாது, முக்கியமாக பக்தி கிடையாது. காகிதம் நீடூழி வாழ வேறென்ன வேண்டும்?